திருப்பிக் கேட்கிறவள்

எனக்கு அவளைப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசிவரை படித்துவிட்டு, "பரவாயில்லையே, இரண்டு பேரும் ராசியாகிவிட்டார்கள்" என்று யாரும் உச்சுக்கொட்ட வேண்டாம். ராசியாகவில்லை. இன்று காலையில்கூட மொட்டைமாடிக் கொடியில் என் போர்வையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுத் தன் துண்டுகளை நடுவில் பரப்பியிருந்தாள்.

அவள் என் ஓரகத்தி. என் கணவருடைய அண்ணனின் மனைவி. நேரில் பார்த்தால் "அக்கா, நீங்க" என்பேன். மனதுக்குள் எப்போதும் அவள்தான், ஆகவே இங்கேயும் அவள். அவர்கள் குடியிருப்பது மாடியில். கீழே நானும் என் கணவரும் மாமியாரும். ஒரே வாசல், ஒரே தண்ணீர்த் தொட்டி, ஒரே மாடிப்படி. இது போதாதென்று இரண்டு பேருக்கும் ஒரே ஆபீஸ்.

ஆபீஸ் என்பது ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடம். நகரம் முழுக்க முப்பத்தெட்டு இடங்களில் அதற்குக் கவுண்டர் உண்டு. காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களிடம் அங்கே ரத்தம் எடுத்து, சின்னக் குழாயில் அடைத்து, எண் அச்சடித்த ஸ்டிக்கரை ஒட்டி, பெட்டியில் வைத்து மத்திய லேபுக்கு அனுப்புவார்கள். குழாயின்மேல் எண் மட்டும்தான் இருக்கும். அந்த எண் யாருடையது, என்ன பரிசோதனை என்பதெல்லாம் கவுண்டர் கம்ப்யூட்டரில் ஏறும். அதில் ஓடுகிற டெஸ்க்டாப் புரோகிராம் முழுக்க முழுக்க அவள் எழுதியது. பன்னிரண்டு வருஷமாக அதைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். நான் அங்கே சேர்ந்தது மூன்று வருஷத்துக்கு முன்னால். என் வேலை சர்வர். டாக்டர்களும் நோயாளிகளும் போனில் ரிசல்ட் பார்க்கிறார்களே, அந்த வெப்சைட்டும் அதற்குப் பின்னால் இருக்கிற எல்லாமும் என் பொறுப்பு.

ஆபீசில் அவளுக்குக் 'கேள்வித்தாள்' என்று பெயர். வைத்தது நெட்வொர்க் பார்க்கிற ஆள். அந்த மனிதர் செய்த ஒரே உருப்படியான காரியம் அது. எதைச் சொன்னாலும் அவள் திருப்பிக் கேட்பாள். "பார்த்தியா?" என்பதுதான் அவள் வாயில் முதலில் வருகிற சொல். கேஸை மூடிவிட்டேன் என்றால், பார்த்தியா? மோட்டாரை நிறுத்திவிட்டேன் என்றால், பார்த்தியா? பார்த்தேன் என்று சொன்னாலும் விடமாட்டாள். தானே இறங்கி வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு, வாயைத் திறக்காமல் மேலே போவாள். கதவைப் பூட்டிவிட்டு ஏழு படி இறங்குவாள். பிறகு அதே ஏழு படியையும் ஏறிப்போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பாள். கீழே நின்று இந்தச் சத்தத்தைத் தினமும் கேட்டால் யாருக்கும் பைத்தியம் பிடிக்கும்.

இப்படி ஒருத்திக்குச் சின்ன வயதில் ஏதாவது நடந்திருக்கும் என்று நினைப்பீர்கள். நானும் தோண்டிப் பார்த்தேன். அவளுடைய தங்கை ஒருமுறை வந்திருந்தபோது நைசாகக் கேட்டேன். "ஒண்ணும் நடக்கல. பொறந்ததுலேருந்தே அப்படித்தான். தொட்டில் கயித்தகூட இழுத்துப் பார்த்திருப்பா" என்று சொல்லிவிட்டாள். ஆக, காரணமே இல்லாத குணம். காரணம் இருந்திருந்தால் பாவம் என்றாவது விட்டிருக்கலாம்.

மாமியார் அலுக்காமல் சொல்கிற கதை ஒன்று உண்டு. மூத்தவனின் கல்யாணத்தில் போட்டோகிராபர் எல்லாரையும் நெருக்கி நிற்க வைத்து, மோவாயை நிமிர்த்தி, சிரிக்கச் சொல்லியிருக்கிறார். மணப்பெண் சிரிக்காமல், "கேமராவுல கார்டு இருக்கா? பாருங்க" என்றாளாம். கூடியிருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்களாம். அவர் வீம்புக்குத் திறந்து காட்டப்போக, உள்ளே கார்டு இல்லையாம். மாமியார் இதைப் பெருமையாகச் சொல்வார், எனக்கு வயிறு எரியும். அவள் கேட்பதெல்லாம் வீணாகப் போனால் சகித்துக்கொள்ளலாம். பத்துக்கு ஒன்று பலித்துத் தொலைக்கிறது.

எங்கள் பகைக்கு வருகிறேன். என்னை வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "உங்க வீட்டுப் பொண்ணாமே, எப்படி?" என்று கேட்டிருக்கிறார். அவள் சொன்னது இது: "கெட்டிக்காரி. ஆனா அவசரக்காரி. அவ எழுதறத இன்னொருத்தர் பின்னாடியே போய்ப் பார்க்கணும். வேண்டாம் சார்." மேனேஜர் என்னை எடுத்துக்கொண்டார். எடுத்த கையோடு இதையும் ஒரு வேடிக்கைபோல என்னிடம் ஒப்பித்துவிட்டார்.

அன்றைக்கு வீட்டில் நான் ஆடிய ஆட்டம் இரண்டு தெருவுக்குக் கேட்டிருக்கும். கூடத்தில் எல்லாரையும் வைத்துக்கொண்டு கேட்டேன். இல்லையென்று ஒரு பேச்சுக்காவது சொல்வாள் என்று பார்த்தால், "ஆமா. கேட்டாங்க, சொன்னேன்" என்றாள். சொல்லிவிட்டு, அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்ததாக மேலே போய்விட்டாள். அதோடு பேச்சு நின்றது. தண்ணீர், மின்சாரம், வாசல் சாவி என்று எது பேச வேண்டுமென்றாலும் மாமியார் வழியாகத்தான். முட்டி வலியோடு மாடிப்படிக்குக் கீழே நின்று, "தொட்டி காலியாம்மா" என்று மேலே பார்த்துக் கத்துவார். மேலேயிருந்து ஒரு முனகல் வரும். "நல்லா பார்த்தியான்னு கேக்கறா" என்று என் பக்கம் திரும்புவார். ஒன்றரை வருஷம் அந்த அம்மாளின் தொண்டைதான் எங்கள் குடும்பத்தை ஓட்டியது.

அப்போதுதான் மேனேஜர் அந்த முடிவை எடுத்தார். கவுண்டரில் ஏறுகிற விவரம் அந்த நிமிஷமே என் சர்வருக்கு வந்துவிட வேண்டும். அதாவது, அவள் எழுதிய டெஸ்க்டாப் புரோகிராம் என் சர்வரோடு பேச வேண்டும். முகத்தைப் பார்க்காத இரண்டு பேர் எழுதிய புரோகிராம்கள் ஒன்றோடு ஒன்று நாள் முழுக்கப் பேசிக்கொள்ள வேண்டுமாம். ஆபீசே வேடிக்கை பார்க்க உட்கார்ந்தது.

இரண்டு புரோகிராம் பேசுவதென்றால் சும்மா இல்லை. தேதியில் நாள் முதலா வருஷம் முதலா, போன் நம்பர் தரமாட்டேன் என்று ஒருவர் சொன்னால் அந்த இடத்தை வெற்றாக அனுப்புவதா, அனுப்பாமலே விடுவதா, எல்லாவற்றையும் முன்கூட்டியே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். மற்றவர்கள் அரை நாளில் முடிப்பார்கள். எங்களுக்குப் பதினோரு நாள். அவள் பக்கத்து மேஜையிலிருந்து எண் போட்டு நாற்பத்தொரு கேள்வி எழுதி அனுப்பினாள். தேதிக்கு மட்டும் ஆறு கேள்வி. நான் பல்லைக் கடித்துக்கொண்டு பதில் எழுதினேன். இருபதைத் தாண்டியபோது கேள்வியைப் படிப்பதைக்கூட நிறுத்தியிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பதினான்காவது கேள்வியை நான் படித்தேன். அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

இணையத்தில் ஒரு சர்வர் எந்தப் பதிலைச் சொன்னாலும் அதன் தலையில் ஓர் எண் போகும். இருநூறு என்றால் எல்லாம் நலம். ஐந்நூறு வரிசையில் வந்தால் சர்வர் பக்கம் ஏதோ கோளாறு. பதினான்காவது கேள்வி இதுதான்: 'இருநூறு என்று பதில் வந்தால், விவரத்தைச் சேமித்தாகிவிட்டது என்று எல்லாச் சமயத்திலும் அர்த்தமா?' நான் எழுதிய பதில்: 'ஆம். எல்லாச் சமயத்திலும்.' அடுத்த நிமிஷமே ஒரு வரி வந்தது. 'பார்த்தாயா?' எரிச்சலில், 'பார்த்தேன்' என்று தட்டிவிட்டேன். பார்க்கவில்லை. இதிலெல்லாம் பார்க்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

அவள் அதை நம்பவில்லை என்பது வேலை தொடங்கிய முதல் வாரமே தெரிந்தது. அவள் புரோகிராம் ஒரு குழாயின் விவரத்தை எனக்கு அனுப்பும். நான் இருநூறு சொல்வேன். உடனே அது திரும்பி வந்து, 'இந்த எண்ணுக்கு நான் என்ன சொன்னேன், சொல்லு' என்று கேட்கும். என் சர்வர் ஒப்பிக்கும். எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தால்தான் தன்னிடம் உள்ளதை அழிக்கும். கவுண்டர் கம்ப்யூட்டரில் யாருடைய விவரமும் தங்கக் கூடாது என்பது விதி. ஆனால் அழிப்பதற்கு முன்னால் பாடம் ஒப்பிக்க வைப்பது அவளுடைய சொந்தச் சரக்கு. ஒரு நாளைக்கு நாலாயிரம் குழாய். நாலாயிரம் தடவை என் சர்வர் அவளுக்குப் பாடம் ஒப்பித்தது.

எனக்கு அது வேகத்தைப் பற்றிய விஷயம் இல்லை. மேனேஜருக்கு எழுதும்போது மட்டும் வேகம் என்று எழுதினேன். காலை ஏழு மணி நெரிசலில் சர்வர் இரட்டைச் சுமையால் திணறுவதாகப் படம் போட்டுக் காட்டினேன். படம் பொய்யில்லை, கோடுகளைக் கொஞ்சம் செங்குத்தாகப் போட்டிருந்தேன், அவ்வளவுதான். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "ஒருத்தர்மேல ஒருத்தர் நம்பிக்கை இல்லாம எப்படிம்மா வேலை செய்யறது? அந்தத் திருப்பிக் கேக்கறத எடுத்துடுங்க" என்றார்.

"எழுதிக் குடுங்க சார்" என்றாள். எழுதிக் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் அவள் எங்கள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு நேராக என் முகத்தைப் பார்த்துப் பேசியது அன்றுதான். "எடுத்துட்டேன். இனிமே நீ இருநூறுன்னு சொன்னா நான் அழிச்சுடுவேன். உன் வாய்தான் எல்லாம்" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. அவள் தலை மறைந்ததும் மாமியார் எதிரிலேயே சிரித்தேன்.

இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு அந்தத் திங்கட்கிழமை வந்தது.

காலை ஏழு மணி பத்து நிமிஷத்துக்கு, நான் பஸ்சில் நின்றுகொண்டிருந்தபோது, சர்வரில் இடம் தீர்ந்துவிட்டதாகப் போனுக்குச் செய்தி வந்தது. அடைத்துக்கொண்டிருந்தது பழைய லாக் குப்பை, அதாவது சர்வர் தான் செய்ததையெல்லாம் எழுதி வைக்கிற குறிப்பு. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அத்தனை லாக்கையும் அழித்தேன். இடம் கிடைத்தபோது ஏழு ஐம்பது. ஒன்றும் ஆகவில்லை என்று ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். சீட் கிடைத்த சந்தோஷம்கூட ஞாபகம் இருக்கிறது.

பதினோரு மணிக்கு மத்திய லேபில் பெட்டிகளைத் திறந்தார்கள். ஸ்கேனரில் குழாயைக் காட்டினால், 'இந்த எண் இல்லை' என்றது. அடுத்ததும் இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு குழாய். யாருடைய ரத்தம், எதற்காக எடுத்தது, எதுவும் தெரியாது. கவுண்டரிலும் விவரம் இல்லை, சர்வரிலும் இல்லை. பேர் தெரியாத ரத்தத்தைச் சோதிக்கக் கூடாது. மாலையில் எல்லாவற்றையும் கழிவுப் பையில் கொட்டினார்கள்.

மறுநாள் ரிசல்ட் வராதவர்கள் கவுண்டர்களுக்கு வந்தார்கள். வந்தவர்களை மறுபடியும் வெறும் வயிற்றோடு உட்கார வைத்து மறுபடியும் குத்த வேண்டியிருந்தது. அதில் ஒன்று நாற்பது நாள் குழந்தை. முதல் நாளே குதிகாலில் மூன்று இடத்தில் குத்தி எடுத்த ரத்தம் அது. ரத்தம் எடுக்கிற பெண்ணின் முகத்தில் குழந்தையின் அப்பா ரசீதைக் கசக்கி எறிந்தார். அந்தப் பெண் அழுதுகொண்டே நான்காவது இடத்தில் குத்தியதாகச் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை மதியம் மேனேஜர் அறையில் கூட்டம். "உங்க சர்வர் எப்படி இருந்துச்சு?" என்று என்னைக் கேட்டார். அவர் அறைச் சுவரில் ஒரு பெரிய டிவி இருக்கிறது. நிமிஷத்துக்கு ஒரு தடவை என் சர்வரைத் தட்டிப் பார்த்து, இருநூறு வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு காட்டும்.

"திங்கட்கிழமை முழுக்கப் பச்சைதான் சார்" என்றேன். அதுவும் உண்மை. பழைய பதிவை ஓட்டிப் பார்த்தார், பச்சைதான்.

அவர் அவள் பக்கம் திரும்பினார். "அப்ப உங்க புரோகிராம்தான் அனுப்பாமலே அழிச்சிருக்கு."

"பார்த்துட்டு சொல்றேன் சார்" என்றாள்.

"எல்லாரும் பார்த்தாச்சு. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விளக்கத்தோட வாங்க. இல்லன்னா லெட்டர் ரெடியா இருக்கும்."

அவளுக்கு அந்த வேலை போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. அவள் கணவர் ஏணியிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடிபட்டுப் படுத்து ஒன்றரை வருஷமாகியிருந்தது. மாடி வீடு அவள் ஒருத்தியின் வேலையில்தான் நின்றுகொண்டிருந்தது. நான் அவளைப் பார்க்காமல் வெளியே வந்தேன்.

என் நாற்காலியில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. சர்வரில் இடமே இல்லாத நாற்பது நிமிஷம் எப்படிப் பச்சையாக இருக்கும்? சிவப்பாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? அப்புறம் ஞாபகம் வந்தது. இந்த இணைப்பெல்லாம் வருவதற்கு ஒரு வருஷம் முன்னால் நான் போட்ட ஒரு பக்கம்.

சர்வரால் எதையும் சேமிக்க முடியாதபோது, 'சிரமத்துக்கு மன்னிக்கவும், சற்று நேரம் கழித்து வாருங்கள்' என்று ஒரு பக்கம் வரும். அதன் தலையில் ஐந்நூற்று மூன்று போட வேண்டும். போட்டால் மேனேஜர் டிவி சிவக்கும், அவர் எழுந்து என் மேஜைக்கு ஓடி வருவார். அந்தத் தொல்லைக்காக இருநூறு போட்டிருந்தேன். பிரவுசரில் பார்க்கிற டாக்டர் அந்த வரியைப் படித்துவிட்டுப் பிறகு வருவார், யாருக்கு நஷ்டம் என்று நினைத்தேன். கண் உள்ளவர்களுக்கு அது சரி. அவள் புரோகிராமுக்குக் கண் கிடையாது. அது பார்ப்பது தலையில் உள்ள எண்ணை மட்டும்தான். 'பிறகு வாருங்கள்' என்று நான் சொன்னதை 'வாங்கிக்கொண்டேன்' என்று எடுத்துக்கொண்டு, இருநூற்றுப் பன்னிரண்டு பேரை அழித்துவிட்டது.

சோதனைக்கென்று வைத்திருக்கிற சர்வரில் இடத்தை நிரப்பிவிட்டு அவள் புரோகிராமிலிருந்து ஒரு விவரத்தை அனுப்பிப் பார்த்தேன். இருநூறு. சுற்றுமுற்றும் பார்த்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. நிஜ சர்வரைத் திறந்து, அந்தப் பக்கத்தில் இருநூறை ஐந்நூற்று மூன்றாக மாற்றினேன். இனி இது நடக்காது, நடந்ததும் யாருக்கும் தெரியாது. திங்கட்கிழமை லாக்கை நானே பஸ்சில் அழித்தாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நான் நல்லவள் என்று சொல்லவில்லை. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன். அவள் என்னை அவசரக்காரி என்று சொன்னதற்கு இது சரியாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன்.

புதன்கிழமை மேனேஜர் உத்தரவுப்படி முப்பத்தெட்டுக் கவுண்டர்களிலும் கம்ப்யூட்டரைத் துடைத்து, பழைய புரோகிராமை ஏற்றினார்கள். ஏற்றியது அவளேதான், தன் மேஜையிலிருந்தே ஒவ்வொரு கவுண்டராகத் தொட்டு, தன்னுடைய இரண்டு மாத வேலையைத் தானே அழித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொன்றையும் துடைப்பதற்கு முன்னால் எதையோ எடுத்து வைப்பதைப் பார்த்தேன். என்ன என்று கேட்கும் நிலையில் நான் இல்லை. பிரிண்டரில் எதையோ எடுக்கப் போனபோது அவள் பெயர் போட்ட லெட்டர் ஒன்று கையெழுத்தில்லாமல் கிடந்தது. அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஆறு மணி இருக்கும். காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு மாடியிலிருந்து இறங்குகிறேன், அவள் படியில் வழியை மறித்து உட்கார்ந்திருந்தாள். நகரவில்லை. கையை நீட்டினாள். ஒரு பென் டிரைவ்.

"என்ன இது?"

"டைரி."

"என்ன டைரி?"

"என் புரோகிராம் எழுதற டைரி. எந்தக் குழாய், எத்தனை மணிக்கு அனுப்பினேன், நீ என்ன நம்பர் சொன்ன, உன் பதில்ல முதல் வரி என்ன. பேரு, விவரம் எதுவும் இருக்காது. இத மட்டும் எழுதிக்கும். திருப்பிக் கேக்கறத எடுக்கச் சொன்னாங்க, எடுத்தேன். டைரிய யாரும் எடுக்கச் சொல்லல."

துணி மூட்டை கையில் கனத்தது.

"இருநூத்திப் பன்னெண்டு தடவை இருநூறுன்னு சொல்லியிருக்க. இருநூத்திப் பன்னெண்டு தடவையும் முதல் வரி, சிரமத்துக்கு மன்னிக்கவும்."

"எப்ப பார்த்தீங்க?"

"நேத்து. நீ எப்ப பார்த்த?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அவள் கண்ணை எடுக்கவில்லை. "செவ்வாக்கிழமை" என்றேன்.

"தெரியும். அன்னிக்கு சாயங்காலம் அந்தப் பக்கம் ஐந்நூத்தி மூணா மாறியிருக்கு. மாத்தின நேரம் அதுலயே இருக்கு."

அந்த நிமிஷம் அவளைப் படியிலிருந்து தள்ளிவிடலாம் போல இருந்தது. அவமானம் கோபமாகத்தான் வந்தது எனக்கு. "அப்ப நேரா மேனேஜர்கிட்ட குடுத்திருக்க வேண்டியதுதானே. இங்க எதுக்கு வந்து உக்காந்திருக்கீங்க, வேடிக்கை பார்க்கவா?" என்றேன்.

"நான் குடுத்தா உன் வேலை போகும். அப்புறம் ஆயுசுக்கும் இந்த வீட்ல உன் வேலைய தின்னவ நான்தான். அத்தை என்னைப் பார்க்கற பார்வையே மாறிடும். எனக்கு அது வேண்டாம். நீயே போய்க் குடுத்தா வேலை போகாது, திட்டு விழும். உனக்கு அது தேவைதான்." எழுந்து புடவையைத் தட்டினாள். "உம்மேல பாசத்துல பண்றேன்னு நெனச்சுக்காத."

"நான் குடுக்கலன்னா?"

"பத்து மணிக்கு நான் குடுப்பேன். இன்னொரு காப்பி எங்கிட்ட இருக்கு."

அவளைத் தெரிந்தவர்கள் யாரும் அதைச் சந்தேகப்பட மாட்டார்கள். பூட்டை இரண்டு தடவை இழுக்கிறவளிடம் இரண்டு காப்பி இல்லாமலா? மூன்று இருக்கும் என்று நினைத்துக்கொண்டு இறங்கினேன். என்னை மூலையில் நிறுத்திக் கழுத்தில் கையை வைத்துவிட்டு, அதை உபகாரம்போலச் சொல்கிறாளே என்று உடம்பு பற்றி எரிந்தது.

வெள்ளிக்கிழமை காலை வாசலைத் தாண்டும்போது மேலேயிருந்து, "குடுத்துடுவியா?" என்று குரல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பஸ்சில் போனைக் கையிலேயே வைத்திருந்தேன். ஒரு செய்தியும் இல்லை. ஆபீசில் உட்கார்ந்து அவள் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் ஒரு நாளாவது இந்தப் பெண் திருப்பிக் கேட்காமல் இருக்க மாட்டாளா என்று எத்தனையோ தடவை வேண்டியிருக்கிறேன். அன்று கேட்டிருந்தால் எனக்கு எரிச்சலாவது வந்திருக்கும். எரிச்சலில் எதையாவது செய்திருப்பேன். ஒன்பதரைக்கு மேனேஜர் வந்தார். அவளுக்குப் பயந்துதான் எழுந்தேன், அதில் சந்தேகமே வேண்டாம். எப்படியும் பத்து மணிக்கு அவள் அவிழ்க்கப்போகிறாள், அதற்கு முன்னால் நான் அவிழ்ப்பது நல்லது என்று கணக்குப் போட்டுத்தான் போனேன்.

பென் டிரைவைப் போட்டுக் காட்டினேன். பஸ், லாக், பச்சை, அந்தப் பக்கம், பதினான்காவது கேள்வி, எல்லாவற்றையும் சொன்னேன். மேனேஜர் திரையைப் பார்த்துக்கொண்டே, "எத்தனை நாளா தெரியும்?" என்றார்.

"செவ்வாக்கிழமை சாயங்காலத்துலேருந்து."

"அந்தக் குழந்தைய நாலாவது தடவை குத்தினது செவ்வாக்கிழமை காலையில. தெரியுமா?"

"தெரியும்."

"அதுக்கப்புறமும் வாய மூடிட்டு இருந்தீங்க."

அவர் கத்தவில்லை. அதற்குப் பிறகு நான் அவர் வாயால் கேட்டவற்றை இங்கே எழுதப்போவதில்லை. வேலை போகவில்லை, அவள் சொன்னபடியே. சர்வர் டீமுக்கு நான் தலைமையாக இருந்தேன், அது போயிற்று. அன்றிலிருந்து நான் எழுதுகிற ஒரு வரிகூட, இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் சர்வருக்குப் போகக் கூடாது. அந்த இன்னொருவர் யார் என்று நான் கேட்கவே இல்லை. பக்கத்து மேஜைதான்.

பத்து மணிக்கு அவள் மேனேஜர் அறைக்குள் போனாள். கையில் தண்ணீர் பாட்டில் மட்டும் இருந்தது. ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து, தன் இடத்தில் உட்கார்ந்து, திருப்பிக் கேட்கிற பகுதியை மறுபடியும் புரோகிராமில் சேர்க்க ஆரம்பித்தாள். என் பக்கம் திரும்பவில்லை. நன்றி, மன்னிப்பு, ஒரு மண்ணும் இல்லை.

அன்று சாயங்காலம் படியில் இறங்கிக்கொண்டிருந்தவளை இந்தத் தடவை நான் மறித்தேன். காலையிலிருந்து அந்தத் தண்ணீர் பாட்டில் என்னை உறுத்திக்கொண்டிருந்தது.

"அந்த இன்னொரு காப்பி எங்க?"

"இல்ல."

"இல்லன்னா?"

"கவுண்டர் எல்லாத்தையும்தான் புதன்கிழமையே துடைச்சாச்சே. இருந்தது அது ஒண்ணுதான். உங்கிட்ட குடுத்துட்டேன்."

நான் அதை வழியில் இருக்கிற சாக்கடையில் போட்டிருந்தால் பத்து மணிக்கு அவள் அந்த லெட்டரை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பாள். மேலே ஒருவர் முதுகை நிமிர்த்த முடியாமல் படுத்திருக்கிறார். இந்தப் பூமியில் யாரையும் எதையும் நம்பாதவள், அத்தனையையும் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு, காலையில் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இருந்திருக்கிறாள். அதுவும் என் கையில். எனக்கு அழுகை வந்தது. அவள் எதிரில் அழுவதற்கு நான் தயாராக இல்லை, ஆகவே கத்தினேன்.

"இருக்குன்னு சொன்னீங்களே!"

"சொன்னேன்" என்றாள் அவள், என்னைச் சுவர் ஓரமாக ஒதுக்கிவிட்டு இறங்கியபடியே. "நீ பார்த்தியா?"